வாலுக்கு முன்னால் ஒரு கதவு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல், அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். மலைமேல் மேகம். அதற்குக் கீழே, பறக்கவேண்டிய உயரத்தைவிட வெகு தாழ்வாக, அக்காவின் கணவர், அத்தான் போன விமானம். வாலுக்குச் சற்று முன்னால் செவ்வகமாக ஒரு கோடு. கதவு.

மலையில் மோதிக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகப்போகிறது. மூடுபனி, விமானியின் கணிப்பு தவறியது என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அது முடியவில்லை. அந்த ரக விமானத்துக்கு அந்த இடத்தில் கதவே கிடையாது. ஆகவே மோதியது வேறு விமானம். ஆகவே அத்தானும் மற்றவர்களும் எங்கோ பத்திரமாக இறக்கப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவுதான் வாதம். இதற்கு எத்தனை பேர், எத்தனை மாதமாக! குழுவை நடத்துகிறவரைக் ‘கேப்டன்’ என்போம். டயர் கடை வைத்திருக்கிறார். விமானத்தில் ஏறியதே இல்லை.

அக்கா சேர்ந்தாள், அவளைக் கவனித்துக்கொள்ள நானும் சேர்ந்தேன். இப்போது அவளைவிட நான்தான் அதிகம் எழுதுகிறேன்.

“என்ன, உங்க விமானம் இன்னும் இறங்கலையா?” என்றார் என் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. நான் சாம்பாருக்கு உப்பு போட்டேனா என்று யோசிப்பதுபோல் நின்றேன்.

மார்ச் 6, வியாழன்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டம். பரிசோதனை அறையில் ஒரு பெரியவர் கடைசி வரி எழுத்துகளைக் கடகடவென்று படித்தார். எல்லாமே தப்பு.

“தெரிஞ்சு சொன்னீங்களா சார், யூகிச்சு சொன்னீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

நன்றாகத் தெரிகிறவர்கள்தான் தயங்குவார்கள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

மாலையில் அக்கா போன் செய்தாள். மலையடிவாரத்தில் நினைவுக்கல் வைக்கிறார்களாம். குடும்பம் சம்மதித்தால்தான் பெயர் வெட்டுவார்கள். இருபதாம் தேதிக்குள் சொல்லவேண்டும். “இருக்கற ஆளுக்கு எதுக்குக் கல்லு?” என்று கேட்டு வைத்துவிட்டாளாம்.

மலையில் கிடைத்ததில் யார் யார் என்று பிரிக்க முடியாமல் எல்லாரையும் ஒன்றாகத்தான் அடக்கம் செய்தார்கள். அத்தானின் பெயர் இனி எங்காவது நிற்குமென்றால் அந்தக் கல்லில்தான். அதை அவளிடம் சொல்லவேண்டியவள் நான். சொல்லவில்லை. கதவைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

குழுவில் இன்று பெரிய சண்டை. ‘வாத்தியார்’ என்று ஒருவர், இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோடு வெறும் நிழல் என்கிறார்.

“நிழலுக்குக் கைப்பிடி இருக்குமா வாத்தியாரே?” — கேப்டன்.

“உங்க டயர்ல காத்து போனாக்கூட சதின்னுதானே சொல்லுவீங்க?” — வாத்தியார்.

நடுவில், வழக்கம்போல, விமானப் பணிப்பெண் ஒருத்தியின் அம்மா எழுதினார்: “இன்னைக்கு ஏதாவது தெரிஞ்சுதா?” தினமும் இதே கேள்வி. யாரோ ஒருவர் கைகூப்பும் பொம்மை போடுவார்.

கைப்பிடி என்ற வார்த்தை உறுத்தியது. அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்த படத்தில் கைப்பிடி எப்படித் தெரியும்? மூலப்படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“இதுதான் மூலப்படம், சிஸ்டர். மங்கலா இருந்துது. நான்தான் ஒரு ஆப்ல போட்டுத் தெளிவாக்கினேன். ஒரு தடவை பத்தல, திருப்பித் திருப்பிப் போட்டேன்.”

கேப்டன் பெருமையாகத்தான் சொன்னார். யாருக்கும் — வாத்தியாருக்குக்கூட — அதில் ஒன்றும் தோன்றவில்லை. மாதக்கணக்காக நான் அளவு பார்த்ததும் அந்தப் படத்தில்தான்.

மார்ச் 10, திங்கள்

அன்று மலைப்பாதையில் அந்தப் படத்தை எடுத்தவர் ஒரு பால்வண்டி ஓட்டுநர். அவருக்கு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

ஓட்டுநர் படத்தை அனுப்பினார். கூடவே அவர் குரல்: “நான் மேகத்தைத்தான் எடுத்தேன் மேடம். வீட்டுல காட்டலாம்னு. அது நடுவுல வந்துடுச்சு.”

கதவு இல்லை. வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு நீர்த்தாரை, அது படத்தில் விமானத்தின் மேல் விழுந்திருக்கிறது. அந்தக் கசங்கலுக்கு ஆப் ஓரம் போட்டு, மூலை போட்டு, கடைசியில் கைப்பிடியும் வைத்துக் கொடுத்திருக்கிறது. தெரியாத வரியை யூகித்துப் படித்திருக்கிறது.

நிம்மதியாக இருந்தது. கணக்கு ஒத்துவந்த நிம்மதி. அதன் பிறகுதான் அத்தான் ஞாபகத்துக்கு வந்தார். — என்ன பெண் நான்?

மார்ச் 15, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். பேசுவதற்கெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

ஒரு தரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“கதவு இல்லைன்னு எனக்குத் தெரியும்டி.”

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். அத்தானின் கண்ணாடி. ஒரு பக்கம் லென்ஸ் இல்லை. வலது கீலில் மஞ்சள் திருகு. வெள்ளைத் திருகு கையிருப்பில் இல்லாத ஒரு நாள் நான் போட்டது. “மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் தங்கமா?” என்று அவரே கேலி செய்தார்.

“மலையில கிடைச்சதுன்னு அப்பவே குடுத்துட்டாங்க. நீ பார்த்தா அவரோடதுன்னு உடனே சொல்லிடுவே. அதான் காட்டல.”

“அப்புறம் ஏன்க்கா அந்தக் குழுல...”

“வேற எங்க போனாலும், நான் உள்ள நுழைஞ்சதும் பேச்சை மாத்தறாங்க. விலைவாசி, வெயில், உன் முட்டிவலி எப்படி இருக்குன்னு. அங்க மட்டுந்தான் தினமும் அந்த விமானத்தைப் பத்திப் பேசறாங்க. பேசற வரைக்கும் அவர் வந்துட்டிருக்கற மாதிரி இருக்கு.” ஒரு சட்டையை உதறினாள். அத்தானுடையது. “நீயும்தான். எத்தனை நாள் கதவைப் பத்திப் பேசினே. அவரைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா?”

இல்லை. கேட்கவில்லை.

கிளம்பும்போது சொன்னாள்: “இந்தப் படத்தை அங்க போட்டுடாதே.” போடமாட்டேன் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

அக்கா கடைக்கே போன் செய்தாள். கல்லில் பெயர் வெட்டச் சொல்லிவிட்டாளாம்.

“எழுத்தைப் பெருசா வெட்டச் சொல்லியிருக்கேன். அவருக்குத்தான் கண்ணு சரியில்லையே.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பரிசோதனை அறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வாடிக்கையாளர் கூப்பிடும்வரை.

மார்ச் 18, செவ்வாய்

பணிப்பெண்ணின் அம்மா இன்று வேறு மாதிரி எழுதியிருந்தார். மகள் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறாராம். கல்லில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “வந்து பார்த்தா கோவிச்சுப்பா.” கேப்டன் கட்டைவிரல் போட்டிருந்தார். அக்காவும் இதயம் போட்டிருந்தாள்.

அக்காவுக்கு அந்தக் கதவு ஒரு சாக்கு. இந்த அம்மாவுக்கு அது நிஜமான கதவு. திறக்கும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குழுவில் போட்டால் பயனில்லை. மூலப்படமே போலி என்பார் கேப்டன். போடமாட்டேன் என்ற வாக்கும் நிற்கட்டும். அந்த அம்மாவின் விலாசம் மட்டும் எனக்குத் தெரியும், வாசிக்கும் கண்ணாடி ஒன்று அனுப்புவதற்காக ஒருமுறை கேட்டு வாங்கியது.

நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவேன். முதலில் அவர் மகளைப் பற்றிக் கேட்பேன். எவ்வளவு நேரமானாலும் கேட்பேன். அவர் கேட்டால்தான் படத்தை எடுப்பேன் — இல்லை. கேட்காவிட்டாலும் எடுப்பேன்.

படத்தை அச்செடுத்துப் பையில் வைத்தாயிற்று. என் கணவருக்கு வழக்கம்போல மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கவேண்டும். அக்கா காலையில் கூப்பிட்டால், கடையில் கூட்டம் என்று சொல்வேன்.