பெடல் எங்கே நிற்கிறது

போன ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் மலையிலிருந்து வாடகைக் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம், நானும் உன் அக்காவும். பாதி இறக்கத்தில் அந்த வாசனை வந்தது. பிரேக் சூடேறிக் கருகுகிற வாசனை. டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கி வண்டியை ஓரங்கட்ட வைத்தேன். முதலில் முறைத்தான். இறங்கிப்போய்ச் சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தவன், ஒரு கல்மேல் உட்கார்ந்துகொண்டான். சூடு ஆறும்வரை அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். அப்போது உன் அக்கா என்னிடம் ஒன்று சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் ஒன்பது வருஷம் கழித்து உனக்கு எழுதுகிறேன்.

நம் வெள்ளைக் காரை நினைவிருக்கிறதா? தொண்ணூற்றாறில் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய வண்டி. ஸ்ரீராம்புரத்தில் நம் சந்துக்குள் அதைத் திருப்புவதற்குள் நாலு வீட்டு வாசல் வாளிகளை நகர்த்த வேண்டியிருந்தது. எனக்குக் கார் என்றால் குடும்பத்தோடு லால்பாக் போய் வருவது, அவ்வளவுதான். உனக்கோ ராலி கார்ப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் பகலெல்லாம் லேத் முன்னால் நின்றுவிட்டு வந்து, சாப்பிடும்போதுகூட மேசைக்கடியில் வலது காலை ஆட்டிப் பழகிக்கொண்டிருப்பாய்.

ஒரே காலால் இரண்டு வேலை. முன்பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கியரைக் குறைக்கிற அந்தக் கணத்தில் அதே காலின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டும். எஞ்சின் ஒருமுறை உறுமி வேகம் கூடும், கியர் குலுங்காமல் விழும். நம் வண்டியில் ஆக்சிலரேட்டர் மிகத் தாழ்வாக இருந்தது, கால் எட்டவில்லை. நீ பட்டறையில் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, அடியில் கட்டை கொடுத்து, ஆக்சிலரேட்டர்மேல் இரண்டு போல்ட் போட்டு முடுக்கினாய். என் ஷூ அகலம் என்று இடது ஓரத்தை எனக்காக அரத்தால் ராவிக்கூடக் கொடுத்தாய்.

ஞாயிறு காலைகளில் புதிதாய்ப் போட்ட ரிங் ரோட்டில் எனக்குப் பாடம். நான் மிதித்தால் வண்டி எகிறும். "மாமா, அது என்ன கரப்பான்பூச்சியா? மிதிக்காதீங்க, ஸ்வல்ப, லேசா தொடுங்க" என்பாய். உன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன் நான். சிரித்து வைத்தேன், உள்ளே எரிந்தது.

விளையாட்டாகவே இருந்த நீ ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாய். பிரேக்கை முழுக்க அழுத்தினால் அது எங்கே வந்து நிற்கிறதோ, அந்த மட்டத்துக்குத்தான் தகட்டை வைத்திருந்தாய். "பிரேக்கு ஒரு விரல் கீழ இறங்கிச்சுன்னா, அதை மிதிக்கிறப்ப காலு தகட்டையும் சேர்த்து மிதிச்சுடும். அப்புறம் இந்தத் தகடுதான் எமன்." அதற்காக ஒரு சட்டம் போட்டாய். யார் ஓட்டிவிட்டு இறங்கினாலும் மற்றவன் கேட்க வேண்டும்: "பெடல் எங்க நிக்குது?" அதற்குப் பதில் வராமல் அடுத்தவன் சாவியைத் தொடக் கூடாது.

அந்தப் பாழாய்ப்போன வெள்ளிக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, மாமாவுக்கு இது படியும்வரை தனியாக வண்டியைக் கொடுக்கக் கூடாது என்றாய். உன் அக்கா சிரித்தாள், என் பிள்ளைகள் சிரித்தார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு.

மறுநாள் நீ வேலைக்குப் போனதும் சாவியை எடுத்தேன். ரிங் ரோட்டில் ஒரு மணி நேரம், வேகம் எடுப்பதும் பலமாக பிரேக் அடிப்பதுமாக. இருபது தடவையாவது இருக்கும். கடைசியில் வந்தேவிட்டது. கியர் வெண்ணெயில் விழுகிற மாதிரி விழுந்தது. தனியாக உட்கார்ந்து கத்தினேன். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அடித்தபோது, சூடேறிப்போன பிரேக் ஒரு விரல் கூடுதலாக இறங்கியது. என் கால் தகட்டில் மோதி, நிற்க வேண்டிய வண்டி முன்னால் பாய்ந்தது. காலைத் திருப்பி எப்படியோ நிறுத்தினேன்.

மெதுவாக ஓட்டி வந்து அதே இடத்தில் விட்டேன். சமதரையில், மெதுவாக மிதித்தால் ஒன்றும் தெரியவில்லை. உன் குட்டைக் காலுக்கு ஏற்ப சீட்டை முன்னால் தள்ளி வைத்தேன். அன்று சாயங்காலம் நீ வந்தபோது செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை நந்தி மலைக்குக் கிளம்பினாய். வண்டிக்குள் உட்கார்ந்தவன் திரும்ப இறங்கி வந்தாய். "மாமா, நேத்து வண்டி எடுத்தீங்களா? சீட்டு ஒரு பல்லு பின்னாடி இருக்கு."

"இல்லையே. பசங்க ஏறி ஆடியிருப்பாங்க" என்றேன்.

நம்பினாய். நான் ஆமாம் என்றிருந்தால் உன் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். யாரும் ஓட்டாத வண்டிக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. ஹாரன் அடித்துவிட்டுப் போனாய். வாளிகளை நகர்த்தி உனக்கு வழி விட்டவன் நான்தான்.

மலை இறக்கத்தில், மூன்றாவது திருப்பத்தில் நடந்தது. பார்த்தவர்கள், வளைவில் வண்டி குறையவே இல்லை, உறுமிக்கொண்டு போனது என்றார்கள். வேகப் பைத்தியம், தானே தேடிக்கொண்டான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த வண்டியிலிருந்து உன் செருப்பை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிப் போய், தகட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு போல்ட்கூடத் தளரவில்லை, தம்பி. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை.

மலையில் உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "அன்னைக்கு நீங்க அவன்கூட போயிருந்தா, இப்படி மோப்பம் புடிச்சு நிறுத்தியிருப்பீங்க. என் தம்பி இருந்திருப்பான்." சொல்லிவிட்டு என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எந்த வண்டியிலிருந்து இறங்கினாலும், பஸ்ஸாக இருந்தாலும்கூட, என் வாய் தானாக முணுமுணுக்கிறது: "ஒரு விரல் இறங்கியிருக்குடா." நாலு வார்த்தைகூட இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்தது.

தகடு இப்போது என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. நீ ராவிய ஓரம் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. இத்தனை வருஷமாக, அவள் காலடிச் சத்தம் கேட்டதும் எடுத்து ஒளித்துவிடுவேன். அடுப்படியில் டபரா சத்தம் கேட்கிறது. உன் அக்கா காபி கொண்டுவருகிறாள். இன்று தகட்டை நான் எடுக்கப்போவதில்லை.