ரெண்டு இன்ச் போதும்

அத்தை,

எழுந்தேன், குளித்தேன், பால் காய்ச்சி மூடி வைத்தேன். பாப்பா தூங்குகிறாள். முட்டை வேகவைத்திருக்கிறது, உரித்துக் கொடுங்கள். வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

பிக்கப்பை ஒர்க்‌ஷாப்பில் விடப் போகிறேன். "என் பொண்ணே போயிட்டா, இனி அந்த வண்டி எதுக்கு மாப்பிள்ளை, வித்துடுங்க" என்று நேற்று சொன்னீர்கள். விற்க மனசு வரவில்லை.

அவள் பார்த்து வைத்த கறுப்பு வீலையே போடச் சொல்லியிருக்கிறேன். சஸ்பென்ஷனை ஏற்றி, வண்டியை இரண்டு இன்ச் மட்டும் உயர்த்துகிறார்கள். பெரிய டயர் என்றால் திருப்பும்போது உரசுமாம், அதனால் நடுத்தர டயர்தான். "ரெண்டு இன்ச்சா? ஏத்தினதே தெரியாதே சார்!" என்று மெக்கானிக் சிரித்தார். நாலு இன்ச் வேண்டும் என்று நான் அவளோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்தவர் அவர்.

பக்கத்து சீட்டுக்கு ஏற ஒரு படியும் வைக்கச் சொன்னேன். நீங்களும் அவள் உயரம்தான்.

பி.கு.: அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் எதுவும் பேசவில்லை. அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதுதான்: "நாலு இன்ச் ஏத்தினா, தினமும் நீதான் என்னைத் தூக்கி உட்கார வைக்கணும், பார்த்துக்கோ."