அவர் காப்பாற்றிய கட்டை

துனிஸ்
3 மார்ச் 1996

அன்புள்ள லஸாதுக்கு,

சலாம். முதுகுவலி எப்படியிருக்கிறது என்று இந்த முறையும் நீங்கள் எழுதவில்லை.

குன்றுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் தக்கை ஓக் மரத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டுகள் ஜூனில் வெளிவரும். நான்கு வருடக் காத்திருப்பு. அது போனால் என் ஆய்வும் போயிற்று. கோடை விடுமுறைக்குக் கல்லூரி மூடியதும் நம் வீட்டுக்கு வருகிறேன். திரும்பும் தேதியை இம்முறை முடிவு செய்யவில்லை.

ரவ்தா

அய்ன் திராஹம்
19 மார்ச்

என் ரவ்தாவுக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. உன் கடைசி வரியை மூன்று முறை படித்தேன்.

மரத்துக்கு நான் பொறுப்பு. வெட்டுக்காரன் மப்ரூக், "என்ன லஸாத் ஐயா, செத்த மரத்துக்குப் போய் காவலா? மய்யத்து எப்ப எந்திரிக்குமாம்?" என்கிறான். "ஜூன்ல. நீ உன் கோடாலியப் பாருடா" என்றேன்.

லஸாத்

துனிஸ்
25 ஏப்ரல்

லஸாத்,

அதன் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. மரம் இருக்கிறதா? ஒரே ஒரு வரி போதும்.

ரவ்தா

அய்ன் திராஹம்
11 மே

என் ரவ்தாவுக்கு,

கோபிக்காதே. வனத்துறை மேலதிகாரி வந்தார். தக்கை உரிப்பு தொடங்குமுன் காட்டில் செத்த மரம் ஒன்றும் கிடக்கக்கூடாதாம். "காடா இது, பூச்சிக்கு விருந்து வீடா?" என்று கத்தினார். மற்றதெல்லாம் கரிச்சூளைக்குப் போயிற்று. உன்னுடையதை நான் விடவில்லை! நான்கு துண்டாக்கி, டிராக்டரில் ஏற்றி, நம் கொட்டகையில் ஈரம் ஏறாமல் கல்மேல் அடுக்கிவிட்டேன். வழக்கப்படி பட்டையையும் சுத்தமாக உரித்தேன், என் கையாலேயே, இரண்டு வெள்ளிக்கிழமை. அடியில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள். காட்டையே தின்னும் சனியன்கள். கோழிகளுக்குப் பெருநாள்தான். நீ மரத்தின் முன் உட்கார்ந்து எண்ணும் துளைகள் ஒன்றும் சிதையவில்லை. நானே எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு.

சீக்கிரம் வா.

லஸாத்

துனிஸ்
20 மே

லஸாத்,

அந்தப் புழுக்கள்தான் என் வண்டுகள். துளை, வண்டு வெளியேறிய பின் மிஞ்சுவது. கட்டைக்குள் தப்பியவையும் அந்தக் காய்ந்த கொட்டகையில் பிழைக்காது.

உங்களைத் திட்டி மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். செத்த மரங்களின் முன் உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று இருபது வருடத்தில் நீங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எண்ணுவதைப் பார்த்தீர்கள், எண்ணியிருக்கிறீர்கள்.

இனி ஜூனில் அங்கே வர நீங்கள் மட்டும்தான் காரணம். அது போதுமா என்று, மன்னியுங்கள், எனக்கு இன்னும் தெரியவில்லை.

ரவ்தா