நான் எண்ணாமல் விட்ட மகள்

கரகண்டா,
அக்டோபர் 14

பாகிலா அக்காவுக்கு ரவ்ஷானின் ஸலாம். நீயும் பெரியவரும் நலமாக இருக்க வேண்டும். அக்மராலின் கைக்குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

போனை நீ பாதியிலேயே வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் அக்மரால்தான் எடுக்கிறாள். அதனால் இதை உன் கையில் மட்டும் சேர்க்கச் சொல்லி உன் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். கோபத்தில் கிழித்துவிடாதே, முழுக்கப் படி.

இடது மார்பை எடுத்து எட்டு மாதமாகிறது. தேறிவிட்டேன், தேநீர்கூட மறுபடி ருசிக்கிறது. போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இது பரம்பரையாக வரும் புற்றுநோயாம். என் மரபணுவில் இருக்கும் கோளாறு என் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டாக்டரம்மா, “எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?” என்று கேட்டார். “ஒரே பொண்ணுதாங்க” என்றேன். இருபத்தேழு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். என் மோல்தீரைப் பரிசோதித்தார்கள், அவளுக்கு இல்லை. “அப்ப நிம்மதியா இருங்க” என்று ஃபைலை மூடிவிட்டார். நானும் பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டேன் அக்கா. அங்கேதான் எனக்கு உறைத்தது. திரும்பி ஓடி, “இன்னொருத்தி இருக்கா” என்றேன்.

கொடுத்த பிள்ளையைப் பெற்றவள் எண்ணக் கூடாது என்பது நம் வழக்கம். பிள்ளையில்லாத உன் மடியில் நாற்பதாம் நாள் அவளை வைத்தபோது மாமியார் முன்னால் வாக்குக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் கல்யாணத்தில்கூடச் சித்தியாக மூலையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தேன். “குடுத்தது குடுத்ததுதான். இப்ப நோயச் சாக்கு வச்சுப் புள்ளயத் திருப்பிக் கேக்குறியா?” என்று நீ கேட்டாயே, கத்தி பட்ட இடம்கூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

அதற்கு மறுநாள் அக்மரால் போனில் சொன்னாள்: “சித்தி, மார்ல சின்னதா ஒரு கட்டி. பால் கட்டிக்கிச்சு போல. நீங்க வேற பயந்துடாதீங்க, எங்கம்மா வழியில யாருக்கும் அந்த நோய் கிடையாது.” சிரித்துக்கொண்டே சொன்னாள். டாக்டரைப் பார் என்றதற்கு, “குழந்த பால் மறக்கட்டும், பாத்துக்கலாம்” என்கிறாள். வெறும் பால் கட்டாகவே இருக்கலாம். ஆனால் எனக்கும் பட்டாணி அளவில்தான் தொடங்கியது. பயமாக இருக்கிறது அக்கா.

நீயே அவளிடம் சொல். பெற்றுத் தூக்கிக் கொடுத்த கல்நெஞ்சக்காரி என்று என்னைத் திட்டியே சொல், நான் மறுக்க மாட்டேன். டாக்டரம்மா எழுதித் தந்த தாளும் இதோடு இருக்கிறது. அதைக் காட்டினால் அங்கே உடனே பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பேன். அதற்குள் அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை என்றால் நானே ரயிலேறி வந்து வாக்கை மீறுவேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

நான் அவளைத் திருப்பிக் கேட்கவில்லை. தலை நரைத்த பிறகும் அவள் உன்னைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும். அவள் தலை நரைக்கட்டும் அக்கா.

உன் ஓரகத்தி,
ரவ்ஷான்