பீரோவை அறுத்து ஓணானுக்குக் கட்டிய பெட்டி

நெவில்,

வேலைக்குப் போறேன். எழுப்பினா சண்டைதான் வரும், அதான் சீட்டு.

நம்ம ஓணான் மேபல் இனிமே உன் பெட்டிக்குள்ள போகமாட்டா. "கடையில வாங்குறவன் மடையன், நானே கட்டுறேன்"னு எங்கம்மா குடுத்த மர பீரோவைப் படுக்கப்போட்டு அறுத்தியே, பெரிய தச்சன்! அவ குளிர் காயுற விளக்கை, சூடு ஏறினா தானா அணைக்கிற கம்பியைக் கொண்டுபோய் நிழல் மூலையில ஒட்டியிருக்க. அந்த மூலை சூடாகுறதே இல்ல, அதனால விளக்கும் அணையறதே இல்ல. காலையில பார்த்தா பாவம் அந்த ஓணான், வாயைப் பிளந்துக்கிட்டு கண்ணாடியைப் பிராண்டுது. இப்ப வெந்நீர்த் தொட்டி இருக்குற அலமாரியில, இதமான சூட்டுல, என் நல்ல துண்டு மேல படுத்திருக்கா. கதவைத் திறந்து போட்டுடாத.

மதியம் கடையிலேருந்து புதுப் பெட்டி வருது. ஆமா, வாங்கிட்டேன். கையெழுத்துப் போட்டு இறக்கி வை. கொண்டு வர்ற ஆள்கிட்ட உன் பிரசங்கத்தை ஆரம்பிக்காத. அதுல ஒரு திருகாணியைக்கூட நீ தொடக்கூடாது.

நேத்து மிஞ்சின சாசேஜ் ஃப்ரிட்ஜ்ல, மேபலோட புழு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. பார்த்து எடு.

மொய்ரா

பி.கு. உன் தலையணையும் போர்வையும் நீ கட்டின பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். ஆறடி நீளம், உனக்குச் சரியா இருக்கும். குளிருமோன்னு பயப்படாத. அந்த விளக்குதான் அணையவே அணையாதே.