கழுவாமல் வைத்த ரிவோல்வர்

இல்ஃபோர்ட்
13 நவம்பர் 2024

அன்புள்ள தவமலருக்கு,

ஸ்ட்ரெதமில், அக்கா வீட்டில் சுகமாக இருப்பீர். நான் போனில் கத்துகிறேன் என்றும், கடிதமென்றால் வாசிப்பீர் என்றும் சொல்லிவிட்டீர். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு இரவு நீர் அழைத்த பொலிஸ்காரர் என் ரிவோல்வரைப் பைக்குள் போட்டு முத்திரை வைத்துக் கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுச் சபாரத்தினத்தின் ஜன்னல் திரை அசைந்ததை நான் மறக்கமாட்டேன். உம்மை வீட்டை விட்டுப் போகச் சொன்னது நான்தான். ஆனால் அதற்கு முதல் பொலிஸை அழைத்தது நீர்.

அது கருமருந்து என்கிற கரி வெடிமருந்து இட்டுச் சுடுகிற பழைய மாதிரி என்று அவர்களுக்குச் சொன்னேன். சுட்ட அன்றே சுடுதண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். உள்ளே படிந்த கரி ஈரத்தை உறிஞ்சி மறுநாளே துருவாகும், குண்டுகள் இருக்கும் சிலிண்டர் சுழலாமல் இறுகிவிடும். "குறித்துக்கொள்கிறோம், சேர்" என்றான் ஒருவன். போன குளிர்காலத்தில் உடைந்த ஸ்பிரிங்குக்குப் பதில் நானே அராவிப் போட்ட ஸ்பிரிங் அதற்குள் கிடக்கிறது.

நான் வேலை பழக்கிய பொடியனை வைத்துக்கொண்டு கம்பனி என்னை வேலையால் நிறுத்தியது. துவக்குச் சுடும் கிளப் நண்பன் லதீசன் எட்டியும் பார்க்கவில்லை. இப்போது நீரும்.

பொலிஸுக்குச் சொன்னதைத் திரும்பப் பெறும். இல்லாவிட்டால் யாரையாவது கொண்டு அதைக் கழுவச் சொல்லும். துரு தின்கிறது, தவமலர். எனக்கு இருக்க ஏலாமல் கிடக்கிறது.

யுவனேஸ்வரன்


ஸ்ட்ரெதம்
18 நவம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

நான் வைத்துவிட்டு வந்த கோழிக்கறி முடிந்திருக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

துவக்கு துருப்பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். பதினொரு வருடம் அதைக் கழுவுகிற அவித்த முட்டை மணம் என் குசினியில்தானே. கிளப்பால் வந்தால் சப்பாத்துக் கழற்ற முதல் சுடுதண்ணீருக்குக் கேத்திலைப் போடுவீர்கள். "இஞ்சேருங்கோ, எனக்கும் ஒரு தேத்தண்ணி" என்பேன். "பொறும், முதல் இவவுக்கு" என்று துவக்கைக் காட்டுவீர்கள். காய்ச்சல் கொதித்த நாளிலும் கழுவாமல் படுத்ததில்லை.

அந்த ஞாயிறு பின்னேரமே வந்தீர்கள். துவக்குப் பையை மேசையில் வைத்தீர்கள். கேத்திலைப் போடவில்லை. "கழுவேல்லையோ?" என்று கேட்டேன். "இனி என்னத்துக்கு" என்றீர்கள். இருட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

நாளைக்கு எடுக்க நினைக்கிற ஆள் அதைக் கழுவாமல் விடமாட்டார். அதனால்தான் குளியலறைக்குள் போய்ப் பொலிஸுக்கு அழைத்தேன். சொன்னதைத் திரும்பப் பெறமாட்டேன்.

லதீசனிடமும் துவக்கு லைசென்ஸ் இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிற சம்மதக் கடதாசியில் நீங்கள் கையெழுத்திட்டால் பொலிஸ் அவரிடம் கொடுக்கும், கழுவித் தருகிறாராம். அவர் இரண்டு தரம் வந்து கதவைத் தட்டினாராம். நீங்கள் திறக்கவில்லை.

தவமலர்


இல்ஃபோர்ட்
21 நவம்பர்

தவமலருக்கு,

அன்று எனக்குக் களைப்பு. அவ்வளவுதான். ஒரு நாள் கேத்தில் போடாததற்கு ஒருவன் சாகப் போகிறான் என்று கதை கட்டுவீரோ?

லதீசன் அதைத் தொட வேண்டாம். கடதாசியைக் கிழித்துவிட்டேன். அது துருவாகவே போகட்டும்.

யு.


இல்ஃபோர்ட்
2 டிசம்பர்

அன்புள்ள தவமலருக்கு,

நீர் பதில் போடவில்லை. பாணும் சம்பலும் சாப்பிடுகிறேன்.

கடதாசியை நான் கிழிக்கவில்லை. கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். லதீசனிடம் சொல்லும்: சிலிண்டரை வலிந்து திருப்ப வேண்டாம், சுடுதண்ணீரில் ஊறவிடட்டும். பின்னால் வெடிக் கேப் பூட்டும் நுனிகளுக்கு எண்ணெய் விட்டு, ஒரு நாள் பொறுத்துக் கழற்றட்டும். அவசரப்பட்டால் முறியும்.

கழுவிய பின் அவரே வைத்திருக்கட்டும். நான் கேட்டாலும் தர வேண்டாம். கேட்பேன்; போனில் கத்துவேன். தர வேண்டாம்.

அடுத்த வியாழன் காலை டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறேன். நீரும் வாரும். அந்த ஞாயிற்றுக்கிழமையை என் வாயால் சொல்ல ஏலாது. நீர் சொல்லும். நான் பக்கத்தில் இருப்பேன், மறுக்கமாட்டேன்.

உமது
யுவனேஸ்வரன்