முன்தளத்துப் பள்ளம்

எல்பிங்,
10 நவம்பர் 1912

அன்புள்ள ஆர்னோ,

இன்று ரயில் நிலையத்தில் நான் சொல்லாதது இதுதான்: அந்த வேலையை எடுத்துக்கொள்.

நீ இரண்டு முறை கேட்டாய். "மூர்விக் டார்பிடோ பள்ளியில சொல்லிக்கொடுக்கிற வேலை. குடும்பத்தோட வந்தா ரெண்டு அறை தர்றாங்க. என்ன தெக்லா, போகலாமா?" நான் உன் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ரயில் வந்துவிட்டது.

போன வாரம் எங்கள் கப்பல்கட்டும் தளத்து வரைபட அலுவலகத்தில் உன் படகின் வரைபடத்தைப் படியெடுத்தேன். இரவில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று அதை அவ்வளவு தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். முன்தளத்துக்கும் கட்டளை மேடைக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் டார்பிடோ ஏவும் குழாய். குழாயருகே நீ. மூக்கைத் தாண்டி வரும் அலை முழுவதும் அங்கேதான் விழும். அந்தப் பள்ளத்தின் கோட்டை ஒரே இழுப்பில் வரைந்தேன். முடியாது என்று நினைத்திருந்தேன்.

எடுத்துக்கொள். கரைக்கு வந்துவிடு.

புகைபோட்ட விலாங்கு மீன் அனுப்புகிறேன். போன முறைபோல மற்றவர்களுக்கே கொடுத்துவிடாதே.

உன்
தெக்லா

கீல்,
1 டிசம்பர் 1912

அன்புத் தெக்லா,

விலாங்கு வந்தது. படகில் என்னோடு இருக்கும் கும்ப்ரெக்ட் பாதியைத் தின்றுவிட்டு, "உன் பொண்டாட்டி நல்லவ. நீதான்டா அவளுக்குப் பொருத்தமில்ல" என்கிறான்.

அந்தப் பள்ளத்தை நாங்கள் குளியல்தொட்டி என்போம். புதன்கிழமை வடகடலில் நல்ல காற்று. என்னோடு குழாயருகே நின்ற யெஷ்கே, "சோப்பு எடுத்துட்டு வந்தியாடா?" என்று கேட்டான். அடுத்த அலை வடிந்தபோது அவன் இல்லை. அவன் இடுப்புக் கயிற்றின் ஒரு முனை குழாயிலேயே கிடந்தது. படகைத் திருப்பித் தேடினோம். பிறகு பட்டாணிச் சூப் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். நானும் வருகிறேன் என்று எழுதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். தனி ஆளா, குடும்பமா என்று பள்ளியில் கேட்கிறார்கள். இந்த மாதம் முடிவதற்குள் நான் பதில் கொடுக்க வேண்டும்.

ஆர்னோ

எல்பிங்,
19 டிசம்பர் 1912

அன்புள்ள ஆர்னோ,

யெஷ்கேயைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

இங்கே காயல் உறைந்துவிட்டது. தலைமை வரைவாளர் வழக்கம்போல, "கல்யாணமானவ எப்பம்மா வேலைய விடப்போறே?" என்று கேட்டார். "நீங்க ஓய்வு வாங்கின மறுநாளுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோர மேசையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே சொல்லக்கூடாத செய்தி ஒன்று. உன் படகைப் போன்ற எல்லாப் படகுகளின் முன்தளத்தையும் மேடைவரை நீட்டிப் பள்ளத்தை மூடப்போகிறார்கள். குழாய் பின்பக்கம் போகிறது. அந்த வேலைக்காக வசந்தத்தில் உன் படகு இங்கேயே வரும். இனி அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. வரும்போது எல்லாம் பேசிக்கொள்வோம்.

புத்தாண்டு உனக்கு நன்றாக இருக்கட்டும்.

உன்
தெக்லா

எல்பிங்,
20 ஏப்ரல் 1913

ஆர்னோ,

கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கடலில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் தேதி படகு வந்தது. மதிய உணவு நேரத்தில் துறைக்குப் போனேன். கும்ப்ரெக்ட் இறங்கி வந்தார். விலாங்குக்கு நன்றி சொன்னார். ஆர்னோ எங்கே என்று கேட்டேன்.

"ஆர்னோவா? அவன் புது வருஷத்திலயே மூர்விக் போயிட்டானேம்மா. தனி ஆளுங்க கூடத்துல இருக்கான்." பிறகு என் முகத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்" என்றேன். "இந்தப் படகுலயா இருந்தார்னுதான் சந்தேகம்."

அவர் நல்ல மனிதர். ஆமாம், எல்லாப் படகும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பி அன்றைய வேலையை முடித்தேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்பது சாயங்காலம்தான் மனதில் பட்டது. மகிழ்ச்சியா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பசித்தது. ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் உன் கம்பளிச் சட்டைகளையும் சவரப் பெட்டியையும் கட்டி ரயிலில் மூர்விக்குக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு நேற்று வந்தது. அதில் இருப்பது உன் கையெழுத்துதான்.

தெக்லா